சுட்டவன் நடக்க வேண்டிய தூரம்

சீறாப்புராணத்தில் நம்மவர் மேடைகளில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பகுதி எது என்று கணக்கெடுத்தால், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' முதலிடத்தைப் பிடிக்கும் என்பது என் எண்ணம். மீலாத் விழாவோ, தமிழ்மொழித் தினப் போட்டியோ, நூல் வெளியீடோ, யாராவது ஒருவர் எழுந்து அந்த மானைப் பற்றிப் பேசாமல் கூட்டம் கலைவதில்லை. வேடனிடம் அகப்பட்ட மான், பசித்திருக்கும் தன் குட்டிக்குப் பாலூட்டி வர அவகாசம் கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. வேடனின் மனம் மாறுகிறது. உமறுப் புலவர் இதைப் பாடியிருக்கும் அழகை நானும் இருபது வருடங்களாக வகுப்பறையில் சொல்லி வருகிறேன். பிள்ளைகளின் கண்கள் கலங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், சில இடங்களில் சஹனில் மான் இறைச்சி வருகிறது.

எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை. ஆனால் கண்டியைச் சூழ்ந்த நமது கிராமங்களில், குறிப்பாகத் தும்பறை மலைகளை அண்டிய பக்கத்தில், தூரத்து விருந்தாளிக்கு மானோ மரையோ சமைத்துக் கொடுப்பது இன்றும் ஒரு மரியாதையாகக் கருதப்படுகிறது. "கோழியும் மாடும் எங்கேயும் கிடைக்கும், இது அப்படியில்லை" என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்வார். விருந்தாளியும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிஸ்மி சொல்லித்தானே?" என்று கேட்பார். "அதெல்லாம் நம்மாள்தான்" என்று பதில் வரும். அத்தோடு விசாரணை முடிந்தது. எங்கே சுட்டது, எப்போது சுட்டது, சுட்ட பிறகு அது எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை மணி நேரம் உயிரோடு கிடந்தது, யார் கண்டெடுத்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒரு முறை நான் கேட்டேன். "மாஸ்டர், இங்கேயும் சோதனைப் பேப்பரா?" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சோதனைப் பேப்பரை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் முன்னால் வைக்கவே இதை எழுதுகிறேன். ஏனென்றால் நமது வட்டத்தில்தான் மானைப் பற்றி அதிகம் பேசுகிறோம், அதிகம் எழுதுகிறோம்.

முதலில் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் மான் வேட்டை என்பது பெரும்பாலும் இரவு வேட்டை. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டோரத்திலோ கைவிட்ட தேயிலையிலோ நடப்பார்கள். வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்கள் மினுங்கும். கண் தெரிகிறதே தவிர உடம்பு தெரியாது. பக்கவாட்டில் நிற்கிறதா, நேரே பார்த்து நிற்கிறதா, முன்னால் பற்றை மறைக்கிறதா, பக்கத்தில் குட்டி நிற்கிறதா என்பது ஒன்றும் தெரியாது. கையில் இருப்பது இடியன் துவக்காக இருந்தால் அதற்குள் திணித்திருப்பது ஆணித்துண்டும் இரும்புத் துண்டும். தோட்டாத் துவக்காக இருந்தால் எட்டொன்பது சன்னங்கள் விரிந்து போகும். அவற்றில் ஒன்றோ இரண்டோ படும். வெடி தீர்ந்ததும் கண்கள் மறைந்துவிடும். பற்றைகள் முறியும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது.

பட்டதா, படவில்லையா? இந்த இடத்தில்தான் வேட்டைக்காரன் யார் என்பது தெரியவரும் என்று சொல்வார் எங்கள் கிராமத்துப் பெரியவர் ஒருவர். அவர் இப்போது இல்லை. இளமையில் தோட்டத்துத் துரைமாருக்கு வழிகாட்டியாகக் காடேறியவர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் காயப்பட்ட மிருகத்தைத் தேடுவது பற்றி அவர் சொன்னவற்றைப் பின்னர் புத்தகங்களில் படித்தபோது, ஒரு சொல்லும் பிசகாக இருக்கவில்லை.

வெடி வைத்த உடனே ஓடாதே என்பது அவருடைய முதற் பாடம். நின்ற இடத்திலேயே நில். மிருகம் நின்ற இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள். கடைசியாக எந்த மரத்தடியில் மறைந்தது என்பதை மனதில் வை. நீ நின்ற இடத்தில் ஒரு கிளையை முறித்துப் போடு. பிறகு காத்திரு. அவருடைய கணக்கில் அது ஒரு சுருட்டுப் புகைத்து முடியும் நேரம். உடனே துரத்தினால் படுக்க இருந்த மிருகம் எழுந்து ஓடும். துரத்தாவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும்.

அதன் பிறகு மிருகம் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். சன்னம் அறுத்த மயிர் கிடக்கும். முதுகு மயிர் வேறு, வயிற்று மயிர் வேறு. வயிற்று மயிர் வெளிறியது. அதைப் பார்த்தே வெடி எங்கே பட்டிருக்கிறது என்று ஒரு மட்டுக்குச் சொல்லலாம். அடுத்தது இரத்தம். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் சுவாசப்பையில் பட்டிருக்கிறது. ஒன்றிரண்டு நூறு யாருக்குள் விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். செத்துவிடும், ஆனால் நேரம் எடுக்கும். முதலில் நிறையக் கொட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டால் காலிலோ தசையிலோ பட்டிருக்கிறது. அது மூன்று காலில் மலையேறிவிடும். பச்சையாகக் கஞ்சல் கலந்து புளித்த நாற்றம் வீசினால் குடல். அதுதான் மிகக் கொடியது. குடலில் பட்ட மான் ஒரு இரவும் ஒரு பகலும்கூட உயிரோடு கிடக்கலாம். அதை உடனே துரத்தினால் கடைசிவரை கையில் கிடைக்காது. பல மணி நேரம் பொறுத்து, பிறகு சத்தமில்லாமல் போக வேண்டும். காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு. நம்மவர் கைவிட்டதைக் காத்திருப்பு என்று பெயர் மாற்றிச் சொல்கிறார்கள்.

துளி விழுந்த வடிவத்தைப் பார்த்தால் போன திசை தெரியும். தரையில் இல்லாவிட்டால் மானாப்புல்லின் தண்டில் விலா உயரத்தில் பூசியிருக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடைசித் துளி கண்ட இடத்தில் ஒருவன் நிற்க, மற்றவன் அரைவட்டம் போட்டுத் தேட வேண்டும். இருவரும் சேர்ந்து நடந்தால் தடம் மிதிபட்டு அழிந்துவிடும். குளம்படியில் ஒன்று இழுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடம் அற்றுப்போனால் தண்ணீர் இருக்கும் பக்கம் போக வேண்டும். காயப்பட்ட மரை ஓடையைத் தேடும். மறுநாளானால் இலையானும் காகமும் வழிகாட்டும். இத்தனையும் கண்டிச் சீமையின் மழைக்கு முன்னால் நடந்தாக வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு ஒரு மழை இறங்கினால், அன்று காலையில் தெரிந்த இரத்தத் தடம் பத்து நிமிடத்தில் இல்லாமற் போய்விடும். அட்டைக்கடியோடு அந்தச் சரிவுகளில் ஒரு நாள் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும்.

இப்போது கேட்கிறேன்: நமக்கு இறைச்சி கொண்டுவருபவன் இதில் எதைச் செய்கிறான்?

ஒன்றையும் செய்வதில்லை. செய்யவும் முடியாது. ஏன் முடியாது என்பதுதான் முக்கியம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானையும் மரையையும் கேளையாட்டையும் சருகுமானையும் பாதுகாக்கின்றன. கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நக்கிள்ஸ் என்று அழைக்கப்படும் தும்பறைத் தொடர் 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமானது; 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே இரவில் வெடி வைத்தவன், வெடிச்சத்தம் கேட்டு யாரும் வருமுன் இடத்தை விட்டு ஓட வேண்டியவன். அவனால் லைட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் குனிந்து நடக்க முடியாது. விடிந்த பிறகு துவக்கோடு போகவும் முடியாது. விழுந்த இடத்தில் விழுந்தால் தூக்குவான். பற்றைக்குள் ஓடினால் விட்டுவிடுவான். மறுநாள் காலை விறகு எடுக்கப் போகிறவன்போலப் போய்ப் பார்ப்பான். கிடைத்தால் இறைச்சி; கிடைக்காவிட்டால் அதைப் பற்றி அவன் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு மான் நம் சஹனுக்கு வரும்போது, வராமல் காட்டுக்குள் கிடந்து புழுத்தவை எத்தனை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

ஆகவே சட்டத்தை மீறுவது ஒரு பாவம், மிருகத்தைத் தேடாமல் விடுவது வேறொரு பாவம் என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. களவில் சுடுகிறவனால் தேட முடியாது. தேட முடியாத இடத்தில் சுடுகிறவன், குறி தப்பினால் மிருகம் படும் பாட்டை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் சுடுகிறான்.

சட்டம் அரசாங்கத்தினுடையது, நமக்கு மார்க்கம் இருக்கிறது என்று சொல்லும் ஹாஜியார்மார் இருக்கிறார்கள். நல்லது, மார்க்கத்துக்கே வருவோம். வேட்டையைப் பற்றி நபிகளாரிடம் நுணுக்கமாகக் கேட்டவர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள். கொடைக்குப் பெயர்போன, நம் கதைகளிலெல்லாம் வரும் ஹாத்திம் தாயியின் மகன். புகாரியில் வரும் அவருடைய கேள்வியைக் கவனியுங்கள். அம்பெய்த பிறகு மிருகத்தின் அடிச்சுவட்டை இரண்டு மூன்று நாள் பின்தொடர்ந்து போகிறவன், கடைசியில் அது செத்துக் கிடப்பதையும் தன் அம்பு அதில் இருப்பதையும் கண்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. உண்ணலாம் என்று பதில் கிடைக்கிறது. அதுவும் நிபந்தனையோடு: வேறெதனாலும் இறந்த அடையாளம் இருக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது. அம்பு கொன்றதா தண்ணீர் கொன்றதா என்று சொல்ல முடியாதல்லவா. இரண்டு மூன்று நாள் சுவடு பார்த்து நடந்தவனுக்குக் கொடுத்த சலுகை அது. மூன்று நிமிடம் நடக்காதவன் அதைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான்.

நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். நமது மத்ரஸாக்களில் பெருமதிப்போடு போற்றப்படும் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' இதைவிடவும் கடுமையாக இருக்கிறது. காயப்பட்டுக் கண்ணுக்கு மறைந்துபோன மிருகம் பிறகு செத்துக் கிடக்கக் கண்டால், மத்ஹபின் வலுவான கருத்தின்படி அது ஹராம் என்றே அதில் இருக்கிறது. ஹதீஸ்களின் அடிப்படையில் ஆகும் என்ற கருத்தையே அதே இமாம் வேறு நூல்களில் பலமானதாகக் கண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு தேடியவனைப் பற்றியது. அம்பு பட்டு மலையில் விழுந்து, மலையிலிருந்து உருண்டு கீழே போய்ச் செத்ததும் ஆகாது. கண்டியைச் சுற்றியுள்ள சரிவுகளை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. உயிர் நிலையாக இருக்கும்போதே மிருகத்தை எட்டிவிட்டால் அறுத்தாக வேண்டும். கையில் கத்தி இல்லாததால் அது செத்துப்போனால் ஹராம். கத்தி இருந்தும் உறையில் சிக்கிக்கொண்டு வராமல், அதற்குள் செத்துப்போனாலும் ஹராம். உறையில் கத்தி சிக்கியது அவனுடைய கவனக்குறைவு என்று அந்தப் பெரியவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். இத்தனை கண்டிப்பான அவர்கள், மிருகத்தின் பின்னால் ஓட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கமான நடையில் போனாலே போதும் என்கிறார்கள். ஆனால் போக வேண்டும்.

பிஸ்மி சொன்னாயா என்று மட்டும் கேட்கும் நம் விருந்தாளிக்கு ஒரு செய்தி: நமது மத்ஹபில் பிஸ்மி சுன்னத். இறைச்சி ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கும் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு சுன்னத்தை மட்டும் விசாரிக்கிறார். துவக்குச் சன்னத்தால் செத்தது ஆகுமா என்பதிலேயே உலமாக்களிடம் பழைய விவாதம் ஒன்று உண்டு. உருண்டையின் பாரம் கொன்றதை மின்ஹாஜ் ஆகாதென்கிறது. அவர் காலத்து உருண்டை களிமண் உருண்டை. யமனின் இமாம் ஷவ்கானி போன்றவர்கள், துவக்குக் குண்டு துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார்கள். அந்த விவாதத்தை உலமாக்களுக்கு விடுகிறேன். ஆனால் கட்டுத்துவக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிருகம் நடக்கும் பாதையில் கம்பியை இழுத்துக் கட்டித் துவக்கைப் பொருத்திவிட்டு வீட்டில் தூங்குகிறவன், எதைக் குறி பார்த்தான்? கையிலிருந்த கத்தி தவறி விழுந்து அதில் ஒரு மிருகம் காயப்பட்டுச் செத்தாலும் ஆகாது என்று சொல்லும் ஒரு சட்டநூலின் முன்னால், கம்பி இழுத்து வெடித்த துவக்கின் இறைச்சியை எப்படி நியாயப்படுத்துவது? அந்தக் கம்பியில் மனிதர்களும் கால் இழக்கிறார்கள், செத்தும் போகிறார்கள். பன்றிக்கு வைத்தது என்பார்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில்தான், 2020 மே மாதம், மஸ்கெலியாவுக்கு அப்பால் லக்சபானத் தோட்டத்தில் அந்தக் கருஞ்சிறுத்தை அகப்பட்டது. உயிரோடு மீட்டும் சில நாட்களில் செத்துப்போனது. கம்பிக்கு எது பன்றி, எது மரை, எது சிறுத்தை என்று தெரியாது.

சுட்டவர் எவராயினும் கழுத்தில் கத்தி வைத்தது நம்மவர் என்பது அடுத்த சமாதானம். இதைத்தான் நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். கத்தி வைத்த நேரத்தில் அதற்கு உயிர் இருந்ததா? இரத்தம் பீறிட்டதா, ஒழுகியதா? கண் அசைந்ததா? காலையில் கண்டெடுத்த மானின் கழுத்தை அறுப்பது செத்த பிராணியை அறுப்பது. அதற்குப் பெயர் ஹலால் அல்ல, வேஷம். 2013இல் ஹலால் இலச்சினை பற்றி நாடு முழுவதும் சர்ச்சை எழுந்தபோது, நமது உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். எழுதியது சரி. பிஸ்கட் பக்கற்றின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டு வாசிக்கிறோம், அதுவும் சரி. பொலித்தீன் பையில் இரவோடிரவாக வரும் இறைச்சிக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லை என்பது எந்த ஊர்ப் பேணுதல்?

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். இது இலக்கியச் சஞ்சிகை, பத்வாப் பத்திரிகை அல்ல என்று ஆசிரியர் முகம் சுளிக்குமுன் வந்துவிடுவது நல்லது.

நமது சிறுகதைகளில் வேட்டைக் கதைகள் கொஞ்சமில்லை. பெயர் குறிப்பிட்டு எவரையும் நோகடிக்க நான் விரும்பவில்லை, வாசித்தவர்களுக்குத் தெரியும். காடு வர்ணிக்கப்படும். நிலா வரும். மூத்தப்பாவின் துவக்கு வரும். மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்துவார்கள். வெடிச்சத்தம். கதை முடியும், அல்லது அடுத்த பந்தியில் இறைச்சி பங்கு வைக்கப்படும். நடுவில் இருந்த இரவு எங்கே? இரத்தத்தைத் தேடி ஒருவன் இலையைப் புரட்டிய ஒரு வரியாவது உண்டா? குறி தவறிய வெடி ஒன்று நம் கதைகளில் ஏன் இல்லை? சுடுகிறவன் வீரன் என்று எழுதுவது எளிது. சுட்டுவிட்டு மூன்று மணி நேரம் நாலு காலில் தவழ்கிறவனைப் பற்றி எழுதினால்தான் கதாசிரியனுக்குக் காடு தெரியும் என்பது தெரியவரும்.

பழந்தமிழில் இப்படி இருக்கவில்லை. குறிஞ்சித் திணையில் தலைவன் தலைவியையும் தோழியையும் முதலில் அணுகும்போது, என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா, யானை வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருவான். கெடுதி வினாதல் என்பது அதன் பெயர். பின்னால் வந்த கோவை நூல்களில் கலைமான் வினாதல், வேழம் வினாதல் என்று தனித்தனித் துறைகளே உண்டு. அவன் கேட்பது பெரும்பாலும் சாட்டுத்தான். அவனுக்கு வேண்டியது மான் அல்ல என்பது தோழிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாட்டு ஏன் எடுபட்டது? அம்பெய்தவன் அந்த மிருகத்தைத் தேடி அயலார் தினைப்புனம் வரை வருவான் என்பது அக்காலத்தில் எவரும் சந்தேகிக்காத வழக்கமாக இருந்திருக்க வேண்டும். பொய் சொல்வதற்கும் நம்பத்தக்க ஒரு வழக்கம் வேண்டும். இன்று ஒருவன் நம் வீட்டு வாசலில் வந்து, நான் சுட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டால் பொலிஸுக்குத்தான் அறிவிப்போம்.

தசரதன் கதையும் அதுதான். இருட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தைக் கேட்டு யானை என்று அம்பு விட்டான். நம்முடைய லைட் வேட்டைக்கு அது மூத்த அண்ணன். ஆயினும் அம்பு எங்கே பட்டது என்று அவன் போய்ப் பார்த்தான். போய்ப் பார்த்ததால்தான் அது கதையாயிற்று. இந்த நாட்டில் பௌத்தம் வந்த கதையும் ஒரு மான் வேட்டையில்தான் தொடங்குகிறது. மிகிந்தலையில் மேய்ந்துகொண்டிருந்த மரையை அது அறியாதிருக்கும்போது கொல்வது தகாதென்று எண்ணி, தேவநம்பியதீசன் நாணொலி எழுப்பினான் என்று மகாவம்சம் சொல்கிறது. மரை ஓட, மன்னன் பின்தொடர, அங்கே மகிந்த தேரர் நிற்கிறார். பொசன் பண்டிகை அந்தச் சந்திப்பின் நினைவுதான். நம் அயலவர்களோடு பேசுவதற்கு இதைவிட நல்ல ஒரு விஷயம் இருக்கிறதா?

வெள்ளைக்காரரைக் குறை சொல்லித் தப்பவும் வழியில்லை. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் இருந்துகொண்டு நாய்களையும் கத்தியையும் வைத்து மரை வேட்டையாடியதை 1854இல் புத்தகமாகவே எழுதினார். எத்தனை உயிர்களைக் கொன்றார் என்பதை வாசிக்க எனக்குக் குமட்டுகிறது. அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவரும் அவருடைய நாய்களும் மரை நின்ற ஆறுவரை போனார்கள். இன்று ஜெர்மனியின் வேட்டைச் சட்டம், காயப்பட்ட மிருகத்தை வேதனையில் விடாமல் முடிப்பதை வேட்டைக்காரன் மீது கடமையாகவே வைத்திருக்கிறது. இரத்தத் தடம் பிடிக்கவென்றே அங்கே நாய்களைப் பழக்குகிறார்கள். ரஹ்மத்தைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அவர்கள் அதைச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

பயிரை அழிக்கும் மிருகத்தை என்ன செய்வது, ஏழை விவசாயியின் கஷ்டம் மாஸ்டருக்குத் தெரியுமா என்று சிலர் கேட்பார்கள். தெரியும். பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் எங்கள் ஊர்த் தோட்டங்களையும் பாழாக்குகின்றன. அந்தக் கஷ்டம் உண்மை. அதற்கு அரசு தீர்வு தர வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் நம் சஹனுக்கு வரும் மான் ஒருவருடைய போஞ்சியைத் தின்றதற்காகச் சுடப்பட்டதல்ல. அது விலைக்காகச் சுடப்பட்டது. விலை கொடுப்பவர் அந்த ஏழை விவசாயி அல்லர். கடை வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், மகளின் கலியாணத்துக்கு வித்தியாசமாக ஏதாவது செய்ய நினைப்பவர். வெடி வைப்பவன் ஒருவன், வாங்குகிறவர் பத்துப் பேர். பத்துப் பேரையும் விட்டுவிட்டு அந்த ஒருவனை மட்டும் திட்டி எழுதுவதில் எனக்கு இஷ்டமில்லை. அவனுக்கும் பிள்ளை குட்டி உண்டு. அவன் பிள்ளையும் என் வகுப்பில் இருக்கலாம்.

மீண்டும் உமறுப் புலவரின் வேடனை நினைத்துப் பார்க்கிறேன். அவனைக் கொடியவன் என்றுதான் மேடையில் வர்ணிக்கிறோம். ஆனால் அவன் தான் பிடித்த மானின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிணை கேட்பதற்கு அங்கே ஒருவன் இருந்தான். தும்பறைக் காட்டில் குடலில் சன்னத்தோடு கிடக்கும் மானுக்குப் பிணை நிற்க யாராவது போனால், யாரிடம் கேட்பது? சுட்டவன் வீட்டில் தூங்குகிறான். வாங்கப்போகிறவர் கண்டியில் தூங்குகிறார்.

உடவத்தகெலேக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு நடக்கப் போகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். கண்டி மன்னர்களின் காலத்தில் குடிமக்கள் நுழைய முடியாத அரச வனம் அது, 1938இல் சரணாலயமானது. நகரத்தின் நடுவில் இன்னும் கேளையாட்டின் குரைப்புக் கேட்கக்கூடிய இடம். பிள்ளைகளுக்கு அதைக் கேட்கக் கொடுங்கள். காயப்பட்ட மிருகம் ஒன்று தோட்டத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ வந்து விழுந்தால், கத்தியோடு ஓடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மிருக வைத்திய பீடம் பேராதனையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்வதற்குக்கூட ஊரில் ஒருவர் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர் சொன்னால் என்னைப் போன்ற வாத்தியார் சொல்வதைவிட நாலு பேர் அதிகமாகக் கேட்பார்கள்.

எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வேட்டைக் கதையை வெடிச்சத்தத்துக்குப் பிறகு தொடங்குங்கள். விடியும்வரை எழுதுங்கள். மழை வந்ததா, தடம் எங்கே அற்றது, இலையான் எங்கே மொய்த்தது என்று எழுதுங்கள். அந்த மானைக் கடைசிவரை கண்டுபிடிக்காத கதையானாலும் பரவாயில்லை.

வாங்குகிறவர்களிடம் கேட்பது இன்னும் சுருக்கம். அடுத்த முறை இரவில் யாராவது பையோடு வந்து கதவைத் தட்டினால் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குச் சுட்டது? எத்தனை மணிக்குக் கையில் கிடைத்தது? அந்த இடைவெளியில் அது எங்கே கிடந்தது, தண்ணீரிலா, பள்ளத்திலா, கம்பியிலா? கத்தி வைத்தபோது கண் அசைந்ததா? இவற்றைக் கேட்ட பிறகு அவன் உங்கள் வாசலுக்கு இன்னொரு தடவை வரமாட்டான்.